அடுப்போரம் வைத்த கத்திக்கூடை

மேல்மலையில் கவ்வாத்து தொடங்கிவிட்டது. தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிறார்கள். வெட்டுப்பட்ட கட்டைகளின் பச்சை வாடை இன்று காலையிலேயே நம் ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் வந்துவிட்டது. உனக்கு அந்த வாடை ஆகாது. "செடிக்கு ரத்தம் ஓடுற மாதிரி இருக்குங்க" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். நான் அந்த வாடையில் சம்பாதித்துச் சோறு தின்றவன், எனக்கு அது பழக்கம். இன்றைக்கு மட்டும் என்னவோ தாங்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினேன். சாத்தியும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியும் நானும் மறுபடியும் அடித்துக்கொள்ளப் பார்த்தோம். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? செத்துப்போன பெண்டாட்டிக்குக் கடுதாசி எழுதுகிறான் என்று லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். துரைக்கு மகஜர் எழுதிப் பழகிய கை இது. 'மேற்படி விஷயமாகத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பித்துவிடக் கூடாதே என்றுதான் பயப்படுகிறேன்.

சிலோனில் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் ஓட்டு இல்லை என்று சட்டம் ஆன மறுவருடம் நமக்குக் கல்யாணம். நீ இந்தக் காம்பராவுக்குள் வந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டி, பின்னால் மீசை முளைக்காத ஒரு தம்பி. பெட்டியைக் கீழே வைத்ததும் நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "வேலுவும் நம்மளோடதான் இருப்பான், இப்பவே சொல்லிட்டேன்." காய்ச்சலில் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதத்தில் போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. நானும் சரி என்றேன். புதுமாப்பிள்ளை வேறு என்ன சொல்வான்? அவன் வளர்ந்து கவ்வாத்துக்கு வந்தபோது மலையில் எனக்கு அடுத்த வரிசை அவனுக்கு. பார்வதியைக் கட்டிக் கீழ் டிவிசன் லயத்துக்குத் தனிக்குடித்தனம் போகிற வரைக்கும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

உன் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி எப்படி ஆரம்பித்தது என்பது இப்போது இருக்கிற சின்னஞ்சிறுசுகளுக்குத் தெரியாது. நம் லயத்துக்குக் கீழே பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில்தான் கத்தி தீட்டுகிற கல் கிடக்கும். கவ்வாத்துக் காலத்தில் ஞாயிறு மத்தியானம் ஆனால் ஆண்கள் எல்லாரும் கத்தியோடு அங்கே வந்து குந்துவார்கள். ஒருவன் தீட்டுகிற வரைக்கும் மற்றவன் தூறலில் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். நீ நம் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று பார்த்தாய். ஒரு நாள் தேத்தண்ணிக் கேத்தலோடு இறங்கிப்போய் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினாய். அடுத்த வாரம், "நான் ஏன் எறங்கி வரணும், கத்தியத் தீட்டிட்டு நீங்க ஏறி வாங்க" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஞாயிறு என்றால் நம் வீட்டில் மூன்று மணித் தேத்தண்ணி. நம்மிடம் கடிகாரம் கிடையாது. எதிர்மலையில் பனி இறங்கத் தொடங்கினால் அதுதான் உனக்கு மூன்று மணி.

பங்களாவில் கொஞ்ச காலம் நீ ஆயாவாக இருந்தாய் அல்லவா, அங்கே துரைசானி விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற சீரையெல்லாம் பார்த்து வைத்திருந்தாய். காது உடைந்த பீங்கான் கோப்பைகள் ஐந்தாறு, அவர்கள் தூக்கி எறிந்ததை வாங்கி வந்திருந்தாய். அதில்தான் ஊற்றுவாய். ஆனால் சீனி நம்முடைய வழக்கப்படிதான். கோப்பையில் போட்டால் கரைந்து வீணாகிவிடும் என்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கிள்ளு வைப்பாய். நக்கிக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி நக்கிக்கொண்டு ஒரு மிடறு. தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் சம்பலும் இருக்கும். மலையில் வேலை மேய்க்கிற கண்டாக்கு ஐயாவே ஒரு தடவை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, இங்க ஒரு பங்களா நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க உனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு சட்டம் வைத்திருந்தாய். தீட்டிய கத்தியோடு யாரும் உள்ளே வரக் கூடாது. இஸ்தோப்பில் உன் கொழுந்துக்கூடை இருக்கும். "கத்தியக் கூடையில போடு, அப்பறம் கோப்பையத் தொடு" என்பாய். பெரிய கங்காணியாக இருந்தாலும் போட்டுவிட்டுத்தான் குனிந்து உள்ளே வருவார். பக்கத்துக் காம்பரா அந்தோனி மட்டும் கேலி செய்வான். "மதினி, கோயில்ல செருப்பக் கழட்டுறோம், ஒங்க வீட்டுல கத்தியக் கழட்டுறோம்." நீ சிரிக்கமாட்டாய். அந்தச் சட்டத்தில் உனக்கு விளையாட்டே கிடையாது.

பிறகுதான் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்தது. பழைய சங்கத்தில் நான், புதிய சங்கத்துக்கு உன் தம்பி தலைவர். அட்டன் டவுனிலிருந்து கார் போட்டு வந்த பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசிவிட்டு அதே காரில் ஏறிப்போனார்கள். அடித்துக்கொண்டது நாங்கள். ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தியதற்காகப் புதிய சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. எங்கள் சங்கம் செய்யவில்லை. நான் வேலைக்குப் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் போனது சரி என்றுதான் சொல்வேன். எங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, நாங்களும் பட்டினி கிடக்க வேண்டும் என்றால் எப்படி? நீ மட்டும் இரண்டிலும் சேராமல் காய்ச்சல் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாய். உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுக்கப் போனால் கல் வரும். 'கருங்காலி' என்று பெண்கள்கூடக் காறித் துப்புவார்கள். என் முன்பல் இரண்டு அங்கேதான் போனது. பதிலுக்கு நாங்களும் சும்மா இருக்கவில்லை. மண்வெட்டிப் பிடியால் நான் அடித்ததில் கீழ் டிவிசன்காரன் ஒருவனுக்கு முட்டி பெயர்ந்தது. போலீஸ் வந்து நின்ற பிறகும் மறைவான மூலைகளில் அடி விழுந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் வேலைநிறுத்தம் முடிந்தது. நிறுத்தப்பட்டவனுக்கு வேலையும் கிடைக்கவில்லை, எங்களுக்குள்ளே எரிந்ததும் அணையவில்லை. ஒருவர் வீட்டுத் தண்ணீரை ஒருவர் குடிப்பதில்லை என்று ஆகிவிட்டது. கூடப்பிறந்தவர்கள்கூடப் பீலியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கப்போகிறேன் என்றாய். எனக்குக் கோபம் வந்தது. "அவன் கால் இந்த வாசப்படியில பட்டுச்சுன்னா ஒடச்சுருவேன்" என்று கத்தினேன். நீ அரிசி புடைத்துக்கொண்டே, "ஒடைங்க. ஒடச்சா கட்டுப் போடுறது நான்தானே" என்றாய். கீழ் டிவிசனுக்கு நடந்து போய் வேலுவைக் கூப்பிட்டாய். வரமாட்டேன் என்றான். மறுபடியும் போனாய். பார்வதி பிறகு சொன்னாள், நீ அவன் வாசலில் உட்கார்ந்துவிட்டாயாம். "ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவ கூப்புடுறேன்டா. ஒரு கோப்பைக்கு வரமாட்டியா?" அதற்கப்புறம்தான் வருகிறேன் என்றானாம்.

அந்த ஞாயிறு, அப்போது சின்னக் குழந்தையாக இருந்த நம் மகளைப் பெரியலயத்தில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தாய். தரையெல்லாம் சாணம் மெழுகி, பாயை உதறிப் போட்டு, கோப்பைகளைச் சாம்பல் போட்டு விளக்கி வைத்திருந்தாய். எங்கள் பக்கத்தில் நான், அந்தோனி, இன்னும் இரண்டு பேர். வேலு பக்கத்தில் பார்வதியும் மூன்று ஆட்களும். கவ்வாத்துக் காலம். எல்லாரும் கல்லில் தீட்டிய கத்தியோடுதான் வந்தார்கள். வேலு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு வெறுங்கையோடு வந்தான். அவனைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்துவிட்டது. கத்தி இல்லாமல் வந்திருக்கிறானே என்று எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி.

அன்றைக்குத்தான் நீ அந்தத் தப்பைச் செய்தாய். எப்போதும் இஸ்தோப்பில் இருக்கிற கூடையை அன்றைக்கு உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். வெளியே நிற்கிற கூட்டத்தில் எவனாவது எடுத்துவிடுவான் என்று உனக்குப் பயம். ஆண்பிள்ளைகள் எல்லாரையும் நிராயுதபாணியாக்கிவிட்டு, லயத்தின் கத்திகள் அத்தனையையும் ஒரே கூடையில் சேர்த்து, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டாய். எனக்கும் அது தோன்றவில்லை. ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் கோப்பை தம்பிக்கு. பிறந்த வீடு அல்லவா. அவனும் வாங்கிக்கொண்டான். அவன் உள்ளங்கையில் சீனி வைத்தாய். கொஞ்ச நேரம் அந்தச் சீனியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையைக் கவிழ்த்தான். சீனி மெழுகின தரையில் கொட்டியது.

"கருங்காலிக் காசுல வாங்குன சீனி எனக்கு வேணாங்க்கா. வெறுஞ்சாயம் போதும்."

"பேசாம குடிடா" என்றாய் நீ.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "விடு புள்ள. சந்தாக் காசுல சீனி திங்கிற தலைவருக்கு நம்ம வீட்டுச் சீனி எப்பிடி இனிக்கும்?" என்றேன்.

கோப்பை என் முகத்துக்கு வந்தது. தேத்தண்ணியோடு. நல்ல சூடு, ஆனால் கண்ணில் படவில்லை. கோப்பை சுவரில் பட்டுத் தூளாகியது. நான் எழுந்த வேகத்தில் அவன் வாயில் குத்தினேன். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை சிவப்பானது. அவன் பார்வதி மேல் விழுந்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அந்தச் சின்னக் காம்பராவில் ஓங்கக்கூட இடமில்லை. முட்டியாலும் முழங்கையாலும்தான் அடி. எவனோ ரொட்டிச் சட்டியை எடுத்து எவன் தலையிலோ போட்டான். நான் வேலுவின் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினேன். ஒரு தடவை இல்லை. அவன் மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் என் வயிற்றில் உதைத்துவிட்டு விலகினான். அப்போதுதான் அவன் கண் கூடைக்குப் போனது.

கை உள்ளே போனது, வெளியே வந்தது. பிடியில் சிவப்புத் துணி சுற்றிய கத்தி. என் கத்தி. அன்று காலையில்தான் நான் அதை ரோமம் வழிக்கிற அளவுக்குத் தீட்டியிருந்தேன்.

முதல் வீச்சுக்கு அந்தோனி குறுக்கே வந்தான். அந்த மடையன் வெறும் கையால் கத்தியைப் பிடித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாயில் விழுந்தன. அவன் கத்தவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் பின்னால் நகர்ந்ததில் பாய் காலில் சுற்றிக்கொண்டு சுவரோரம் விழுந்தேன். தோளில் ஒரு கீறல். அடுத்தது கழுத்துக்குத்தான் என்று தெரிந்தது. வேலுவின் முகத்தை நான் அண்ணாந்து பார்த்தேன். அது நம் சட்டியில் சாப்பிட்ட வேலு இல்லை. எனக்குச் சிறுநீர் போய்விட்டது. இதையும் எழுதிவிட்டேன், நீ யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது ஈடு தேத்தண்ணிக்காக அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. நீ அதை எடுத்தாய். வீசி எறியவில்லை. கோப்பைக்கு ஊற்றுகிற அதே நிதானத்தோடு, கத்தி பிடித்த அவன் கைக்கு மேலே சாய்த்தாய். அவன் அலறிக்கொண்டு கையை இழுத்தான். நீ விடவில்லை. அவன் கை போகிற இடத்துக்கெல்லாம் கேத்தலும் போனது. கத்தி விழுகிற வரைக்கும் ஊற்றினாய். விழுந்த பிறகும் கொஞ்சம் ஊற்றினாய். சட்டைக் கையோடு தோலும் சேர்ந்து வழன்றது. அவன் போட்ட சத்தத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கேத்தலைக் கீழே வைத்தாய். அவனை இழுத்து உட்காரவைத்து, கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாய். "தம்பி, தம்பி, தம்பி" என்று அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சுவரோரம் ரத்தத்தோடு கிடந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

தோட்டத்து மருந்துக்காரரிடம் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னோம். வேலு மேல் கேத்தல் கவிழ்ந்துவிட்டது. அந்தோனி கத்தி தீட்டும்போது விரலை வெட்டிக்கொண்டான். நான் வழுக்கி விழுந்தேன். மருந்துக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்து, "இத்தன பேருக்கும் ஒரே ஞாயித்துக்கெழமையா?" என்று மட்டும் கேட்டார். நான் நோர்வூட் போலீசுக்குப் போகத்தான் இருந்தேன். நீ வாசலில் கையை நீட்டி மறித்தாய். "போறதுன்னா போங்க. போயிட்டு இந்தப் படி ஏறாதீங்க." உன் குரல் உயரவில்லை. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

காயம் ஆறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என் தோளுக்கு எண்ணெய் போட்டுவிட்டாய். நான் கேட்டேன், "தம்பி கையவே வேகவச்சுட்டியே புள்ள, மனசு கெடந்து அடிச்சுக்குதா?" நீ எண்ணெயைத் தடவிக்கொண்டே, "ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா எனக்கு வேற யாருங்க இருக்கா?" என்றாய். அன்றிலிருந்து நான் ராஜா. மலையிலும் கள்ளுக்கடையிலும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எனக்காகக் கூடப்பிறந்தவனையே வேகவைத்தவள் என் வீட்டுக்காரி என்று. கேட்டவர்கள் எல்லாம் தங்கள் பெண்டாட்டிகளை நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

வேலுவின் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கை கோழிக்கால் மாதிரி மடங்கிப்போனது. கவ்வாத்துக்காரனுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காவல் வேலை கிடைத்துப் பார்வதியோடு போய்விட்டான். உன்னோடு பேச்சில்லை. நம் மகள் பெரியவளானபோது தாய்மாமன் இல்லாமல் சடங்கு செய்தோம். பஸ் மாறி வந்து அவன் கீழே ரோட்டில் நின்றது எனக்குத் தெரியும். லயத்துக்கு ஏறவில்லை. நீ இஸ்தோப்பிலிருந்து பார்த்தாய், இறங்கிப் போகவில்லை. அன்று முழுக்க வந்தவர்களுக்குப் பரிமாறினாய். ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணியை நீ நிறுத்தவில்லை. அந்தச் சண்டைக்கு அடுத்த ஞாயிறே, சுவரில் சாயக் கறை போகாமலே, கேத்தலை ஏற்றிவிட்டாய். நான் வாய் பிளந்து பார்த்தேன். கூடையை மட்டும் தூக்கிக் கூரைக்கடியில் அட்டத்தில் போட்டுவிட்டாய். அவரவர் கத்தி அவரவர் மடியிலேயே இருக்கட்டும் என்றாய். அந்தோனி கட்டுப் போட்ட கையோடு வந்து, "அதுதான் மதினி சரி" என்றான். "ஒரு கையில கோப்ப, ஒரு கையில சீனி. கத்தி எடுக்க மூணாவது கை ஏது?" என்றாய் நீ. இத்தனை வருடத்தில் அப்புறம் ஒரு கத்தியும் நம் வீட்டில் மடியை விட்டு வெளியே வரவில்லை.

இந்தப் பனிக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி நீ போய்விட்டாய். பிறந்த வீட்டுக் கோடி வராமல் எப்படித் தூக்குவது என்று பெண்கள் கேட்டார்கள். "அவன் வரமாட்டான், தூக்குங்க" என்றேன். அந்தோனிதான் இருக்கச் சொன்னான். பிற்பகலில் வேலு நனைந்துகொண்டு வந்தான். இடது கையால் சேலையைப் போர்த்தினான். பதினாறாம் நாளுக்கும் வந்தான், போனான்.

போன ஞாயிறு மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றான். அந்தோனி இருந்தான். நான் தேத்தண்ணி போட்டேன். சாயம் கசந்தது, யாரும் சொல்லவில்லை. வேலு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். அந்தக் கையைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னமோ மாப்புள்ள, ஒங்கக்கா அன்னைக்கு என்னக் காப்பாத்தணும்னு ஒன் கையப் பொசுக்கிருச்சு. மனசுல வச்சுக்காத" என்றேன். பெருந்தன்மை காட்டுகிறேனாம்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒங்களக் காப்பாத்தவா? யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா."

"எங்கிட்ட அப்பிடிச் சொல்லல மச்சான். டிஸ்பென்சரியில நான் கெடந்தப்ப அக்கா வந்துச்சு. யாருக்கும் தெரியாது. 'அந்தாளு செத்துருந்தா ஒன்னத் தூக்குல போட்டுருப்பாங்கடா. தூக்குக் கயித்துக்கா ஒன்ன வளத்தேன்? அதான் ஊத்துனேன்'னு சொல்லிச்சு. அதுக்கப்பறந்தான் நான் அக்கா மொகத்துல முழிக்க முடியாம டயகமவுக்கே போனேன்."

இத்தனை வருடமாக நான் ஏறி உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ உருவியது மாதிரி இருந்தது. பொய் என்றேன். சத்தியம் என்றான். என் பெண்டாட்டி எனக்காகத்தான் செய்தாள் என்றேன். என் அக்கா எனக்காகத்தான் செய்தது என்றான். குரல் ஏறியது. அவன் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அந்தோனி விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டி, "எனக்காகன்னு ஒருத்தராவது சொல்லுங்களேன்டா" என்றான். சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. எனக்கு உன் மேலேயே ஆத்திரம். அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு, எது நிஜம் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாயே. நான் எழுந்து கையை ஓங்கினேன். அவனும் இடது கையில் விறகுக்கட்டையோடு எழுந்தான்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எதற்காக நின்றோம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். நீ வருவாய் என்று நின்றோம். உன்னைக் குழிக்குள் இறக்கியபோதுகூட எனக்கு அப்படி உறைக்கவில்லை. அந்தக் காம்பராவின் நடுவில் ஆள் இல்லாத இடம் ஒன்று இருந்தது. அதில் நீ இல்லை. என் கை மேலேயே இருந்தது, அதை யாரும் பிடிக்கவில்லை.

நானே இறக்கினேன். அவன் விறகை அடுப்புக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஓங்கிய கையை நானாக இறக்கியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. இனிமேல் ஒவ்வொரு தடவையும் நான்தான் இறக்க வேண்டும், இல்லையா?